குளக்கரையில் ஒரு ஐ.பி. கேமரா: மறுகால் அளவை ஊருக்கே காட்டும் வழி

எங்கள் ஊர்க் குளம் நிறைந்து மறுகால் பாயும்போது, சுவரில் வரைந்திருக்கும் அளவுக்கோலில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்பதைப் பாளையங்கோட்டையில் இருந்தபடியே கைபேசியில் பார்த்துவிடுகிறேன். துபாயில் வேலை பார்க்கும் சித்தப்பா மகனும் பார்க்கிறான். 2023 டிசம்பர் 17ஆம் தேதி இரவு எங்களுக்கு இந்த வசதி இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை அது. "மறுகால் சத்தம் கேட்கிறது, எவ்வளவு பாய்கிறது என்று இருட்டில் தெரியவில்லை" என்று அண்ணன் சொன்னதோடு தொலைபேசி இணைப்பு அறுந்தது. அன்று டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு கரைமேல் நடந்துபோய் அளவு பார்த்து வந்தவர் எங்கள் மடைக்காரர். அவருக்கு வயது 61. அந்த நடையை அவர் மறுபடி நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் கேமரா வைத்தோம்.

நான் ஒரு பாலிடெக்னிக்கின் கணினி ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள். நெட்வொர்க் எனக்குப் பழக்கம். மழையும் இடியும் சிலந்தியும் இருக்கும் வெட்டவெளி பழக்கமில்லை. இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொண்டதை, இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஐ.பி. கேமரா என்பது என்ன என்று சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது லென்ஸ் பொருத்திய ஒரு கணினி. உள்ளே செயலி இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, பெரும்பாலும் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடுகிறது, கேட்டவருக்குப் படம் கொடுக்கும் வெப் சர்வரும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில், காபிக் குடுவையில் காபி இருக்கிறதா என்று இடத்தைவிட்டு எழாமல் பார்ப்பதற்காக ஒரு கேமராவை வைத்தார்கள். 1993இல் அந்தப் படம் வலையில் ஏறியது. ஆனால் கேமராவுக்குத் தனியாக ஒன்றும் தெரியாது; பக்கத்தில் ஒரு கணினி நின்று படத்தைப் பிடித்துக் கொடுத்தது. பக்கத்துக் கணினியே வேண்டாம் என்ற நிலை 1996இல் வந்தது. ஸ்வீடனின் லுண்ட் நகரத்து ஆக்சிஸ் நிறுவனம் நெட்ஐ 200 என்ற கேமராவை வெளியிட்டது. சிறிய அளவில் விநாடிக்கு ஒரு படம். பெரிய அளவில் கேட்டால் ஒரு படத்துக்கு 17 விநாடி. இன்று அது ஆமை வேகமாகத் தெரியலாம். மறுகாலில் ஏறும் தண்ணீருக்கு 17 விநாடி தாராளம். முக்கால் மணி நேரத்தில் அரை அடி ஏறினால் ஊரே ஓடிவரும்.

ஆகவே கடைக்குப் போகும் முன், நீங்கள் பார்க்க விரும்புவது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். திருடன் வருகிறானா என்று பார்க்க வீடியோ வேண்டும். தண்ணீர் மட்டம், வானம், களத்தில் காயும் நெல், சாலையில் தேங்கிய வெள்ளம் ஆகியவற்றுக்கு நிமிடத்துக்கு ஒரு படம் போதும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "நேரலை" என்ற சொல்லின் மயக்கத்தில் வீடியோவை எடுத்துக்கொள்பவர்கள் பிறகு இணையக் கட்டணத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1920க்கு 1080 புள்ளி கொண்ட படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 6.2 எம்.பி. விநாடிக்கு 25 படம் என்றால் 155 எம்.பி. சாதாரண இணைய இணைப்பு எதுவும் இதைத் தாங்காது என்பதால் கேமராவே உள்ளுக்குள் சுருக்கிவிடுகிறது. சுருக்கிய வீடியோவை விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அனுப்பினாலும் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஆகிறது. எங்கள் கரையில் ஃபைபர் கிடையாது, சிம் போட்ட 4ஜி ரௌட்டர்தான். நாளைக்கு 2 ஜி.பி. தரும் திட்டத்தில் அந்த வீடியோ இரண்டே கால் மணி நேரம்கூட ஓடாது. அதே கேமராவிலிருந்து ஒரு ஜேபெக் படம் எங்களுக்கு 300 கே.பி. அளவில் வருகிறது. நிமிடத்துக்கு ஒன்று, நாளைக்கு 1,440 படம், மொத்தம் 432 எம்.பி. வீடியோவில் ஐம்பதில் ஒரு பங்கு.

கேமரா படத்தை வெளியே தரும் வழிகள் மூன்று. எளியது, ஒற்றைப் படம். உலாவியில் கேமராவின் முகவரியையும் படத்துக்கான பாதையையும் தட்டினால், அந்த நொடியில் எடுத்த ஒரு ஜேபெக் வந்து நிற்கும். பாதை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையேட்டில் இல்லையென்றால் ஆன்விஃப் மென்பொருள் ஒன்றைக் கொண்டு கேமராவிடமே கேட்டுவிடலாம். ஆன்விஃப் என்பது வெவ்வேறு நிறுவனங்களின் கேமராக்கள் ஒரே மொழியில் பேசுவதற்காக 2008இல் ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொது ஏற்பாடு. அது இல்லாத கேமராவை வாங்காதீர்கள். இரண்டாவது, மோஷன் ஜேபெக். உலாவி ஒரே ஒரு முறை கேட்கிறது. கேமரா முடிவே இல்லாத பதிலைத் தருகிறது. தினசரி நாட்காட்டியில் தாள் கிழிவதுபோல் ஒரு படம் போய் அடுத்த படம் அதே இடத்தில் வந்து உட்காரும். உலாவிக்கு வேறு எந்த மென்பொருளும் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு தாளும் முழுப் படம் என்பதால் கனம் அதிகம்.

மூன்றாவது, எச்.264 வீடியோ. இதில் கேமரா எப்போதாவது ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, இடையில் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும். இதைக் கேட்டு வாங்கும் முறைக்கு ஆர்.டி.எஸ்.பி. என்று பெயர். 1998இல் வரையறுக்கப்பட்டது, வழக்கமாக 554ஆம் போர்ட்டில், அதாவது கருவியின் எண்ணிட்ட வாசலில், இயங்கும். வி.எல்.சி. மென்பொருளில் இந்த முகவரியைக் கொடுத்தால் வீடியோ உடனே ஓடும். உலாவியில் கொடுத்தால் ஓடாது. ஏனென்றால் எந்த உலாவிக்கும் ஆர்.டி.எஸ்.பி. நேரடியாகத் தெரியாது. வி.எல்.சி.யில் ஓடியது வலைப்பக்கத்தில் ஏன் ஓடவில்லை என்று நான் இரண்டு நாள் குழம்பினேன். நீங்கள் குழம்ப வேண்டாம்.

லென்ஸைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 2.8 மில்லிமீட்டர். அது ஏறக்குறைய 100 பாகை அகலத்தை விழுங்கும். கேமரா மாட்டிய எங்கள் கம்பத்திலிருந்து மறுகால் 30 மீட்டர். அந்தத் தொலைவில் 2.8 லென்ஸ் எழுபது மீட்டர் அகலத்தைக் காட்டும். அளவுக்கோலில் ஓர் அடி என்பது படத்தில் எட்டுப் புள்ளிதான். எண் படிக்கவே முடியாது. குளம் அழகாகத் தெரிந்தது, அளவு தெரியவில்லை. பிறகு 12 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கேமராவுக்கு மாறினோம். இப்போது அகலம் சுமார் 16 மீட்டர், ஓர் அடிக்கு முப்பத்தைந்து புள்ளிக்கு மேல். கோடும் எண்ணும் பளிச்சென்று தெரிகின்றன. தொலைவை நாடா வைத்து அளந்துகொண்டு, அதன்பிறகு லென்ஸைத் தேர்ந்தெடுங்கள்.

கேபிளில்தான் எங்களுக்கு ஒரு மாதம் போயிற்று. அண்ணன் வீட்டிலிருந்து கம்பத்துக்கு 80 மீட்டர். பி.ஓ.இ. முறையில் ஒரே கேபிளில் தகவலும் மின்சாரமும் போகும். 2003இல் வந்த தரத்தின்படி, கேபிளுக்கு இரண்டையும் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்ச் பக்கத்தில் 15.4 வாட், மறுமுனையில் கருவிக்குக் கிடைப்பது 12.95 வாட், நீளம் 100 மீட்டர் வரை. எல்லாம் எல்லைக்குள் இருந்தது. பகலில் கேமரா நன்றாக ஓடியது. பொழுது சாய்ந்து இருட்டியதும் அணைந்து அணைந்து எரிந்தது. மென்பொருளைப் புதுப்பித்தேன், சுவிட்சை மாற்றினேன், கேமராவையே கழற்றி வீட்டுக்குள் சிறிய கேபிளில் வைத்துப் பார்த்தேன். இருட்டிலும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அப்போதுதான் விளங்கியது. இருட்டியவுடன் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன, மின்தேவை கூடுகிறது. நாங்கள் வாங்கிய மலிவான கேபிள் முழுச் செம்பு அல்ல, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். 80 மீட்டரில் மின்னழுத்தம் அவ்வளவு இறங்கிவிட, கேமரா மூச்சடைத்து மறுபடி தொடங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. முழுச் செம்புக் கேபிளாக, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டதாக மாற்றினோம். அன்றிரவே சரியாகிவிட்டது. கேபிளின் உள்கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சித்திரை மாதத்து இடி எங்கள் முதல் சுவிட்சைக் கொண்டுபோனது. இரு முனையிலும் மின்னல் காப்புக் கருவி வைத்து, அதைச் சரியான எர்த் கம்பியில் இணைக்க வேண்டும். எர்த் இல்லாமல் காப்புக் கருவி மட்டும் வைப்பதில் பயனில்லை.

கம்பத்தில் ஏற்றும் முன் கேமராவை மேசைமேல் வைத்து அமைப்புகளை முடித்துவிடுங்கள். முதல் வேலை, பெட்டியில் வந்த கடவுச்சொல்லை மாற்றுவது. இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதல்ல. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களின் சிறு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளை ஏவி, இணையதளப் பெயர்களுக்கு முகவரி எண் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. யாரோ ஒருவர் கடையில் வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு மறந்த கேமராக்கள் செய்த வேலை அது. கடவுச்சொல்லை மாற்றி, கேமராவின் உள் மென்பொருளைப் புதுப்பித்து, யு.பி.என்.பி. என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது உங்களைக் கேட்காமலே ரௌட்டரில் கதவு திறக்கும்.

அடுத்து, நிலையான முகவரி. ரௌட்டரில் கேமராவுக்கு 192.168.1.50 போன்ற ஓர் எண்ணை ஒதுக்கிவிட்டால் மின்சாரம் போய்வந்த பிறகு தேடி அலைய வேண்டாம். பிறகு கடிகாரம். சீனாவில் தயாராகும் கேமராக்கள் பல அந்நாட்டு நேரத்தோடு வருகின்றன. நம் நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடும். மாலை 4 மணிப் படத்தில் 6.30 என்று பதிந்திருந்தால், வெள்ள நேரத்தில் அது பொய்ச் செய்தி. நேர மண்டலத்தை 5.30 என்று திருத்தி, இணையத்திலிருந்து தானாக நேரம் பெறும்படி வைத்து, படத்தின் மூலையில் தேதியும் நேரமும் தெரியச் செய்யுங்கள்.

இனி முக்கியமான கட்டம்: படம் எப்படி ஊரைவிட்டு வெளியே போகிறது? 192.168 என்று தொடங்கும் எண் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். பழைய வழிகாட்டிகள் எல்லாம் ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லும். நான் வேண்டாம் என்கிறேன். திறந்த கதவின் வழியாக உங்கள் நண்பர்கள் மட்டும் வருவதில்லை. மேலும் சிம் இணைப்பில் அது பெரும்பாலும் நடக்கவும் நடக்காது. ரௌட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது என்று பொருள். நூறு வீடுகளுக்கு ஒரே வாசல் எண் போல. வெளியிலிருந்து வரும் யாருக்கும் உங்கள் வீடு தெரியாது.

ஆனால் உள்ளிருந்து வெளியே போவதற்குத் தடையில்லை. அதைப் பயன்படுத்துங்கள். படத்தைக் கேமராவிடம் வந்து யாரும் கேட்க வேண்டாம். நாமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். பல கேமராக்களில் குறித்த இடைவெளியில் படத்தை எஃப்.டி.பி. என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையில் அனுப்பும் வசதி உண்டு. அது மட்டுமே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். ஆனால் சாதாரண எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகிறது என்பதால் நான் அண்ணன் வீட்டில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை வைத்திருக்கிறேன். நிமிடத்துக்கு ஒரு முறை அது கேமராவிடம் படம் வாங்கி, மறையாக்கம் செய்த இணைப்பில் நான் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது. ஊர்மக்கள் திறக்கும் பக்கம் அந்தச் சர்வரில் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் திறந்தாலும் கேமராவிடம் கேட்பது ராஸ்பெரி பை என்ற ஒரே ஓர் ஆள்தான். கேமரா எங்கே இருக்கிறது, அதன் எண் என்ன என்பது வெளியே யாருக்கும் தெரிவதில்லை.

இந்த ஏற்பாட்டில் மூன்று இடங்களில் தடுக்கி விழுவீர்கள். படம் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் பக்கத்தைத் திறந்தால், மேல்பாதி குளமும் கீழ்பாதி சாம்பல் நிறமுமாகத் தெரியும். படத்தை வேறு பெயரில் ஏற்றிவிட்டு, முழுதாக ஏறிய பிறகு பெயரை மாற்றும்படி நிரலில் எழுதுங்கள். பெயர் மாற்றம் கண நேரத்தில் முடிந்துவிடும். அடுத்து, உலாவிகள் படத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு பழையதையே காட்டும். படத்தின் முகவரிக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் அப்போதைய நேரத்தை எண்ணாக ஒட்டிவிட்டால் புதிதாகக் கேட்கும்.

மூன்றாவது தடுக்கல் உயிர் சம்பந்தப்பட்டது. சிம் இணைப்பு அறுந்தால் சர்வரில் கடைசிப் படம் அப்படியே நிற்கும். பார்ப்பவர் அதை இப்போதைய நிலை என்று நம்பிவிடுவார். தண்ணீர் கரையைத் தாண்டிக்கொண்டிருக்கும்போது பக்கம் மட்டும் "ஓர் அடிதான்" என்று காட்டிக்கொண்டிருக்கும் நிலையை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அதனால் படம் 5 நிமிடத்துக்கு மேல் பழையதானால் அதன்மேல் சிவப்புப் பட்டையில் "இது பழைய படம், நம்ப வேண்டாம்" என்ற எழுத்தும், கடைசியாகப் படம் வந்த நேரமும் தோன்றும்படி செய்திருக்கிறேன். 15 நிமிடம் கடந்தால் படத்தையே எடுத்துவிடும். வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

வீடியோ கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாக: கேமராவில் இன்னும் புதிய சுருக்க முறையான எச்.265 இருந்தாலும் எச்.264 என்றே வையுங்கள். எல்லா உலாவிகளிலும் சிக்கலின்றி ஓடும். முழுப் படம் 2 விநாடிக்கு ஒரு முறை வரும்படி அமையுங்கள். எஃப்.எஃப்.எம்பெக் மென்பொருள் ஆர்.டி.எஸ்.பி. வீடியோவை மறுபடி சுருக்காமல் அப்படியே வாங்கி, 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் சிறு சிறு துண்டுகளாக வெட்டிச் சர்வரில் வைக்கும். மறுபடி சுருக்கச் சொன்னால் ராஸ்பெரி பை திணறிவிடும். துண்டு சேர்ந்து வருவதால் சில விநாடி தாமதம் இருக்கும். தாமதமே கூடாது என்றால், உலாவிக்கு உடனுக்குடன் வீடியோ அனுப்பும் வெப் ஆர்.டி.சி. வழியை நாடுங்கள். குடும்பத்தார் மட்டும் பார்ப்பதற்கு வயர்கார்ட் போன்ற வி.பி.என். (இணையத்துக்குள் மறையாக்கம் செய்த தனிவழி) சிறந்தது, பொது முகவரி உள்ள சர்வர் நடுவில் இருந்தால் சிம் இணைப்பிலும் வேலை செய்யும்.

கம்பத்தில் ஏற்றிய அன்று படத்தைப் பார்த்த மதினி ஒரு வார்த்தை சொன்னார்: "வலது ஓரத்தில் படித்துறை தெரிகிறதே." பெண்கள் குளிக்கும் படித்துறை. பாசன விவசாயிகள் சங்கத்திலும் பஞ்சாயத்திலும் அனுமதி கேட்ட எனக்கு, நானும் அதே படியில் குளித்து வளர்ந்தவளாக இருந்தும், அது கண்ணில் படவில்லை. உடனே கேமராவை இடப்பக்கம் திருப்பினோம். காற்றில் அசைந்தாலும் தெரியக் கூடாது என்பதற்காக, அமைப்புகளில் உள்ள மறைப்பு வசதியால் வலப்பக்க ஓரத்தில் கறுப்புக் கட்டம் போட்டோம். அந்தக் கட்டம் கேமராவுக்குள்ளேயே போடப்படுவதால் வெளியே வரும் எந்தப் படத்திலும் அந்தப் பகுதி இருக்காது. ஒலியையும் அணைத்துவிட்டோம். உங்கள் கேமரா காட்டும் முதல் படத்தை, அந்த இடத்தைத் தினமும் புழங்கும் பெண்களிடம் காட்டிவிட்டு, அவர்கள் சரி என்ற பிறகே வெளியிடுங்கள்.

இரவுப் படத்துக்குப் பூச்சி எதிரி. விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும், லென்ஸின் முன்னால் வலை கட்டும். அகச்சிவப்பு ஒளி அந்த ஒற்றை இழையில் பட்டு, படம் முழுக்க வெள்ளைப் புகையாகிவிடும். கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி வேறொரு கம்பத்தில் தனி அகச்சிவப்பு விளக்கு வைத்த பிறகு தொல்லை வெகுவாகக் குறைந்தது. மழைத்துளியும் முன்போல் பளபளப்பதில்லை. இருந்தாலும் வெள்ளிக்கிழமைதோறும் நீண்ட கம்பில் மெல்லிய துணி சுற்றி அண்ணன் துடைக்கிறார்.

மின்சாரம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கேமரா, விளக்கு, ராஸ்பெரி பை, ரௌட்டர், சுவிட்ச் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 25 வாட். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் 1,200 வாட் மணி இருக்கிறது. பாதியை மட்டும் பயன்படுத்தினால் ஒரு நாள் ஓடும். 2023 டிசம்பரில் ஊர் அதைவிட அதிக நாள் மின்சாரமே இல்லாமல் கிடந்தது, கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துவிட்டன. அப்படியொரு நாள் வந்தால் படம் நிற்கும், சிவப்புப் பட்டை வரும். அதனால் படத்தை ராஸ்பெரி பையின் நினைவு அட்டையிலும் சேமிக்கிறோம்; அண்ணன் வீட்டுக்குள் இருக்கும் வைஃபை வழியாக, வெளியுலக இணையம் இல்லாமலே, அவர் கைபேசியில் மறுகாலைப் பார்க்கலாம். மடைக்காரர் அன்று கரைக்குப் போகாமல் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு நாள் மாலையில், மெயின் சுவிட்சை அணைத்து, சிம்மையும் கழற்றிவிட்டு, விடியும்வரை அந்தத் திண்ணையில் படம் வருகிறதா என்று பார்க்கிறோம். சென்ற முறை நள்ளிரவு 2 மணிக்குப் படம் நின்றது. பேட்டரியின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, வாசலின் தடவி, மறுநாள் இரவு மீண்டும் சோதித்தோம்.